மார்கழியில் பிறந்த மகளுக்கு எந்த அயனம்?

கரூர்_மல்லிகா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தது ஜனவரி 3, மார்கழி மாதம். போன வாரம் அவளுடைய ஜாதகத்தை மென்பொருளில் போட்டு அச்செடுத்து வைத்தேன். முதல் பக்கத்திலேயே "தட்சிணாயனம், ஹேமந்த ருது" என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "டிசம்பர் 22-லேயே சூரியன் வடக்கே திரும்பிடுச்சும்மா, புவியியல் புத்தகத்துல இருக்கு. நான் பிறந்தது அதுக்கு அப்புறம். அப்போ உத்தராயணம்தானே?" என்றாள்.

அதோடு விட்டாளா? "டிசம்பர் 22-ல சூரியன் மகர ரேகைக்கு நேர் மேல நிக்குது. ஆனா ஜாதகத்துல தனுசு ராசியில இருக்கே, எப்படி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. குடும்ப ஜோசியரிடம் கேட்டால் "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறார். இன்னொன்று: அதே அச்சில் சட்பலம் (கிரகங்களின் பலத்தை எண்ணில் காட்டுவது) என்ற பகுதியில் சூரியனுக்கு அயன பலம் 2 கூட வரவில்லை. மற்ற கிரகங்களுக்கு இருபது, முப்பது என்று இருக்கிறது. தட்சிணாயனத்தில் பிறந்ததால்தான் இப்படியா? அயனத்தைத் தப்பாகப் போட்டிருந்தால் இதுவும் தப்புதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாக்கியமே_வாக்கு:

தை ஒண்ணாம் தேதிதான் உத்தராயணம். பெரியவர்கள் யோசிக்காமல் வைக்கவில்லை. மார்கழி என்றால் தட்சிணாயனம், முடிந்தது. பள்ளிப் புத்தகத்தையும் பஞ்சாங்கத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் சகோதரி.

மாடிக்கிழவர்:

மல்லிகா அம்மா, உங்கள் மகள் கேட்டது இரண்டும் நல்ல கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற ஆள், கையால் ஜாதகம் கணிக்கிற பழைய பழக்கம், தினமும் விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போகிற பழக்கம், இவை மூன்றும் சேர்ந்தால் பேச்சு நீளும்.

உங்கள் மகள் சொன்னபடி டிசம்பர் 21 அல்லது 22-ல் சூரியன் தெற்கே போவதை நிறுத்துகிறது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். எங்கள் கும்பகோணத்து மாடியிலிருந்து பார்த்தால் ஜூன் கடைசியில் சூரியன் உதிக்கும் இடத்துக்கும் டிசம்பர் கடைசியில் உதிக்கும் இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 48 பாகை. கிழக்கிலிருந்து இந்தப் பக்கம் 24, அந்தப் பக்கம் 24. தெற்குக் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, வடக்குக் கோடியில் ஒரு செல்போன் கோபுரம், இவைதான் என் அடையாளங்கள். ஆனால் திரும்புகிற நாளைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். டிசம்பர் 12-லிருந்து ஜனவரி 1 வரைக்கும் சூரியன் தெற்கு வடக்காக நகரும் தூரம் அதன் தட்டு அகலத்துக்குள்ளேயே, அதாவது அரைப் பாகைக்குள்ளேயே அடங்கிவிடும். தை பிறக்கும்போதுதான் "ஆமாம், திரும்பிவிட்டது" என்று கண் ஒப்புக்கொள்ளும். தைக்கும் உத்தராயணத்துக்கும் உள்ள ஒட்டுதலுக்கு இது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் வேறு.

ராசிச் சக்கரத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அதை இரண்டு விதமாக வைக்கலாம். மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகிற நேரத்தில் சூரியன் நிற்கும் இடத்தை மேஷத்தின் ஆரம்பம் என்று வைத்துக்கொண்டால் அது சாயனம். நட்சத்திரங்களை வைத்து ஆரம்பத்தை நிறுத்திக்கொண்டால் அது நிராயணம். வெயிலும் மழையும் பகலின் நீளமும் முதல் கணக்கில்தான் நடக்கும். நம் ஜாதகமும் பஞ்சாங்கமும் இரண்டாவது கணக்கில் நடக்கின்றன.

இரண்டு புள்ளிகளும் ஒரு காலத்தில் ஒரே இடத்தில் இருந்தன. பூமியின் நடுவயிறு கொஞ்சம் புடைத்திருக்கிறது. சந்திரனும் சூரியனும் அந்தப் புடைப்பை இழுப்பதால், வேகம் தளர்ந்த பம்பரம் தலையை ஆட்டுவதுபோல் பூமியின் அச்சு மெல்ல வட்டமிடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 25,800 வருஷம். அதனால் சமநாள் புள்ளி ஆண்டுக்கு 50 விகலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை) பின்னால் நழுவுகிறது, 72 ஆண்டுக்கு ஒரு பாகை. நழுவிய மொத்தத் தொகைதான் அயனாம்சம். மத்திய அரசு 1952-ல் மேக்நாத் சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அதன் செயலாளர் லாகிரி. 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கை அப்படியே பின்னால் ஓட்டினால் பொ.ஆ. 285-ல் பூஜ்யமாகும். இன்றைக்கு 24 பாகையைத் தாண்டிவிட்டது.

24 பாகை என்றால் சூரியனுக்கு ஏறக்குறைய 24 நாள் நடை. டிசம்பர் 22-லிருந்து 24 நாள் எண்ணுங்கள், பொங்கலுக்கு வந்து நிற்பீர்கள்.

ஆக, டிசம்பர் 22-ல் சூரியன் சாயன மகரத்தின் வாசலில் நிற்கிறது, அதுதான் உங்கள் மகளின் மகர ரேகை. அதே நேரத்தில் நிராயணத்தில் தனுசு 6 பாகையில், மூல நட்சத்திரத்தில் நிற்கிறது, அதுதான் ஜாதகம். புத்தகத்திலும் பிழை இல்லை, ஜாதகத்திலும் பிழை இல்லை. உத்தராயணம் என்ற பெயர் மட்டும் மகர சங்கராந்தியோடு ஒட்டிக்கொண்டு, சூரியன் நிஜமாகத் திரும்புகிற நாளை விட்டு விலகிப் போய்விட்டது.

இதை முன்னோர் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் தெளிவாக எழுதியிருக்கிறார்: பழைய சாஸ்திரங்களில் சூரியன் ஆயில்யத்தின் நடுவில் தெற்கேயும் அவிட்டத்தின் தொடக்கத்தில் வடக்கேயும் திரும்பியதாகச் சொல்லியிருக்கிறது, இப்போது கடகத் தொடக்கத்திலும் மகரத் தொடக்கத்திலும் திரும்புகிறது என்று. அவிட்டம் என்று சொல்கிற அந்தப் பழைய சாஸ்திரம் இன்றும் கையில் இருக்கிறது, வேதாங்க ஜோதிஷம். வராகமிகிரர் அதோடு விடவில்லை. மாறுதல் இருந்தால் நேரில் பார்த்துத் தெரிந்துகொள், உதயத்திலோ அஸ்தமனத்திலோ தூரத்து அடையாளம் ஒன்றை வைத்துப் பார், அல்லது பெரிய வட்டம் போட்டு நிழல் உள்ளே வருகிற, வெளியே போகிற இடங்களைக் குறி என்கிறார். அந்த வரியைப் படித்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். அவிட்டத்திலிருந்து மகரத் தொடக்கத்துக்கு வந்தது, இன்று மூலத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

அயன பலத்துக்கு வருகிறேன். இதில் பல ஜோசியர்களே சறுக்குகிறார்கள். அயன பலம் "உத்தராயணம், தட்சிணாயனம்" என்ற பெயரைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. கிரகம் வான நடுக்கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது, அதாவது அதன் கிராந்தி என்ன என்பதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. கிராந்தி போட அயனாம்சத்தைக் கூட்டிச் சாயனமாக்கியே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. சூரியன், செவ்வாய், குரு, சுக்கிரன் வடக்கே இருந்தால் பலம் ஏறும். சந்திரனுக்கும் சனிக்கும் தெற்கே இருந்தால் ஏறும். புதனுக்கு எங்கே இருந்தாலும் ஏறும். சூரியனுக்கு மட்டும் வருகிறதை இரட்டிப்பாக்குவார்கள், ஆக உச்ச அளவு 120.

ஜனவரி 3-ல் சூரியன் ஏறக்குறைய 22 பாகை 50 கலை தெற்கே. திரும்பிவிட்டதே தவிர இன்னும் தெற்குக் கோடியிலேயேதான் இருக்கிறது. கணக்குப் போட்டால் 120-க்கு 2-க்கும் கீழே. உங்கள் மென்பொருள் சரியாகவே போட்டிருக்கிறது. அயனத்தை உத்தராயணம் என்று மாற்றி அச்சடித்தாலும் அந்த எண் மாறாது. மார்கழியிலும் தை முற்பகுதியிலும் பிறந்த எல்லோருக்கும் சூரியனின் அயன பலம் அடியில்தான் கிடக்கும். அதற்காகக் கவலைப்படாதீர்கள், சட்பலத்தில் அது பல கூறுகளில் ஒரு சிறு கூறு.

கரூர்_மல்லிகா:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு தடவை படித்தேன். மகளிடமும் காட்டினேன், அவளுக்கு என்னைவிட வேகமாகப் புரிந்துவிட்டது. இப்போது ருதுவை, அதாவது பருவப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் 24 நாள் தள்ளித்தான் ஓடுகிறதா? இன்னொரு சந்தேகம் என்னுடையது. ஆனி மாதத்துக்கு 32 நாள் வருகிறது, மார்கழிக்கு 29 வருகிறது. தமிழ் மாதத்துக்கு ஏன் ஒழுங்கான எண்ணிக்கை இல்லை?

டெல்டா_சம்சாரி:

பெரியவர் வருவதற்குள் நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். ருது பேரெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது. பஞ்சாங்கத்தில் ஐப்பசி கார்த்திகைக்கு சரத் ருது என்று போட்டிருக்கும். வடக்கே அது மழை விட்டு வானம் தெளிகிற காலம். இங்கே அடைமழை! வயலில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறவனிடம் போய் சரத் ருது என்று சொல்லிப் பாருங்கள்.

எங்களுக்கு உதவுவது சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதுதான். 27 நட்சத்திரம், ஒன்றுக்குப் பதிமூன்றரை நாள். கத்திரி வெயில் என்கிறோமே, அது பரணி மூன்றாம் பாதத்தில் சூரியன் நுழைந்ததிலிருந்து கார்த்திகை நட்சத்திரம் முழுதும் கடந்து ரோகிணி முதல் பாதம் வரை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் பதிமூன்று பதினான்கு நாளைக் கர்ப்போட்டம் என்போம். அந்த நாட்களில் மேகம் எப்படி ஓடுகிறது என்று பார்த்து அடுத்த வருஷ மழையைக் கணிப்பார்கள். அம்மா, உங்கள் மகள் பிறந்த ஜனவரி 3 சரியாக அதற்குள்தான் வருகிறது. கேரளத்தில் திருவாதிரை ஞாற்றுவேலை (சூரியன் திருவாதிரையில் நிற்கும் நாட்கள்), ஜூன் 22-லிருந்து ஜூலை முதல் வாரம் வரை, மிளகுக்கொடி நட அதைவிட நல்ல நேரம் இல்லை என்பார்கள்.

கர்ப்போட்டம் பலிக்கிறதா என்று கேட்காதீர்கள். என் அப்பா பார்ப்பார், நானும் பார்க்கிறேன். ஆனால் விதைப்பதற்கு ஆடிப்பட்டத்தையும் மேட்டூர் நீர்மட்டத்தையும்தான் நம்புகிறேன். மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்று ஆங்கிலத் தேதியில் வழக்கமாகிப் போனதும் ஒரு வேடிக்கை.

எனக்குப் பெரியவரிடம் ஒரு கேள்வி. நட்சத்திரக் கணக்கு நழுவுகிறது என்றால், கத்திரியும் ஒரு நாள் மழைக்காலத்துக்குள் போய்விடுமா?

மாடிக்கிழவர்:

போகும் தம்பி. ஆனால் நீங்களும் நானும் இருந்து பார்க்க மாட்டோம். 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஒரு மாதம் நழுவ ஏறத்தாழ 2,150 ஆண்டு ஆகும். ஒரு மனித ஆயுளில் ஒரே நாள் வித்தியாசம் என்பதால் விவசாயிக்கு நட்சத்திரக் கணக்கு நன்றாகவே வேலை செய்தது, செய்கிறது. நழுவலைக் காட்ட எளிய சான்று ஒன்று இருக்கிறது. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. தேதி 1863 ஜனவரி 12. இன்று சங்கராந்தி 14 அல்லது 15-ல் வருகிறது.

மல்லிகா அம்மாவின் ருதுக் கேள்வி. இங்கே 24 நாளோடு நிற்கவில்லை, மேலும் ஒரு மாதம் சேர்கிறது. சூரிய சித்தாந்தம் மகரத்திலிருந்து இரண்டிரண்டு ராசியாக ருதுக்களை எண்ணுகிறது: மகரமும் கும்பமும் சிசிரம், மீனமும் மேஷமும் வசந்தம், இப்படியே போய் விருச்சிகமும் தனுசும் ஹேமந்தம். நம் தமிழ்ப் பஞ்சாங்கமோ சித்திரை, வைகாசியை வசந்தம் என்று வைத்திருக்கிறது, அதாவது மேஷமும் ரிஷபமும். ஆகவே மார்கழியும் தையும் ஹேமந்தம். தமிழில் முன்பனி என்று சொல்வதும் இதே மார்கழி, தைதான். ஜனவரி 3-ன் காலை ஆறு மணிக் குளிருக்கு முன்பனி என்ற பெயர் கனகச்சிதம். ஆனால் டிசம்பர் 22-ல் மகரம் தொடங்கியது என்று சாயனமாக எண்ணினால் உங்கள் மகள் பிறந்தது சிசிர ருது. ஜாதக பலனில் ருதுவுக்கு வேலை குறைவு. பிறந்த நேரம் தெரியாதவர்களுக்கு நஷ்ட ஜாதகம் கணிக்கும்போது லக்ன திரேக்காணத்தின் (ராசியை மூன்றாகப் பிரித்ததில் ஒரு பங்கு) அதிபதியை வைத்து, சுக்கிரன் என்றால் வசந்தம், சனி என்றால் சிசிரம் என்று பருவத்தை எடுப்பார்கள். அதைத் தவிர சங்கல்பத்தில், அதாவது பூஜைத் தொடக்கத்தில் காலத்தையும் இடத்தையும் சொல்லும் வாசகத்தில், சொல்வதற்குத்தான் ருது.

ஆனி, மார்கழி நாள் கணக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில். அருகில் இருக்கும்போது வேகமாக ஓடும், தொலைவில் மெதுவாக நகரும். நமக்குச் சூரியன்தான் ஓடுவதாகத் தெரிகிறது. ஒரு ராசியின் 30 பாகையைக் கடக்க ஆனியில் முப்பத்தொன்றரை நாளுக்கும் மேல், மார்கழியில் இருபத்தொன்பதே சொச்சம். ஆகவே ஆனிக்குப் பெரும்பாலும் 32, மார்கழிக்கு 29 அல்லது 30. பிப்ரவரியைப் போல யாரோ உட்கார்ந்து குறைத்த எண் இல்லை அது, சூரியனின் நடை அப்படி. மார்ச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள் வரை 186 நாள், அங்கிருந்து மறுபடி மார்ச் வரை 179 நாள்தான். காலண்டரை எடுத்து மகளையே எண்ணச் சொல்லுங்கள்.

லக்னத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பழைய ராசிமானம் (ஒரு ராசி உதித்து முடியும் நேரம்) மீனத்துக்கும் மேஷத்துக்கும் நாலேகால் நாழிகை, கடகத்துக்கும் தனுசுக்கும் ஐந்தரை. எல்லா ராசியும் 30 பாகைதான், இருந்தும் உதித்து முடிய இத்தனை வித்தியாசம். சூரியனின் பாதை சாய்ந்திருப்பதால் வருவது இது. பருவங்களைக் கொண்டுவருகிற அதே சாய்வு. ஆகையால் லக்னத்தையும் சாயனத்தில் கணித்து, பிறகு அயனாம்சத்தைக் கழித்துத்தான் கட்டத்தில் போடுகிறோம். சாயனம் மேல்நாட்டான் சரக்கு என்று கோபப்படுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

வாக்கியமே_வாக்கு:

மாடிக்கிழவரே, கணக்கெல்லாம் சரி. அதற்காகக் கோயில் வழக்கத்தை மாற்றச் சொல்வீர்கள் போலிருக்கிறதே? உங்கள் ஊர் சாரங்கபாணி கோயிலில் உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு இருக்கிறது. தையிலிருந்து ஆனி வரை ஒன்று, ஆடியிலிருந்து மார்கழி வரை மற்றொன்று. டிசம்பர் 22-ல் வாசலை மாற்றித் திறக்கச் சொல்கிறீர்களா?

மாடிக்கிழவர்:

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? தை முதல் நாள் அந்த வாசல் வழியாகப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். விரதமும் கோயிலும் வழக்கத்தின்படி நடக்கட்டும். அரசுக் குழுவும் அதையே செய்தது. சிவில் காலண்டரின் சைத்ர மாதத்தை மார்ச் 22-ல் சமநாளோடு கட்டினார்கள், சமயப் பண்டிகைகளை நட்சத்திரக் கணக்கிலேயே விட்டார்கள். 1957-ல் நடைமுறைக்கு வந்தது. யாரும் அந்தக் காலண்டரைச் சீண்டவில்லை என்பது வேறு கதை.

உங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்திலும் ஒரு சிறு வழுவல் இருக்கிறது, கோபிக்காதீர்கள். அதன் வருஷ நீளம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி (இங்கே நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு), சொச்சம். உண்மையான நட்சத்திர வருஷத்தைவிட மூன்றரை நிமிடம் போல அதிகம். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் இத்தனை நெருங்கிக் கணித்ததே பெரிய காரியம். திருத்திக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் என் கட்சி.

கேள்விக்குறி:

அப்போ இவ்வளவு காலமும் உத்தராயணத்தையே 24 நாள் தள்ளிக் கொண்டாடியவர்கள் சொல்லும் ராசிபலனை நம்பணுமா? சூரியன் எங்கே இருக்குன்னே ரெண்டு கட்சி!

மாடிக்கிழவர்:

சூரியன் எங்கே இருக்கிறது என்பதில் கட்சியே இல்லை. எங்கிருந்து அளப்பது என்பதில்தான் கட்சி. பலன் பலிக்குமா என்பது தனி வழக்கு, அதை இந்த இழையில் நான் வாதாட வரவில்லை. கணக்கைக் கற்றுக்கொள்ள நம்பிக்கை தேவையில்லை.

கரூர்_மல்லிகா:

ஐயா, கடைசியாக ஒன்று. பிறந்தநாள் அர்ச்சனைக்கு சங்கல்பத்தில் என்ன சொல்வது? அப்புறம், நீங்கள் சொன்ன நிழல் சோதனையைச் செய்ய வேண்டும் என்று மகள் மாடியில் குச்சி நட்டுவிட்டாள். கரூரில் நிழலே இல்லாமல் போகும் நாள் உண்டா?

மாடிக்கிழவர்:

சங்கல்பத்தில் பஞ்சாங்கத்தில் உள்ளபடி தட்சிணாயனம், ஹேமந்த ருது. குருக்களோடு சண்டை வேண்டாம்.

நிழல் இல்லாத நாள் வருஷத்தில் இரண்டு உண்டு. சித்திரை முதல் நாள் உச்சிவேளையில் சூரியன் சிவகாசி வட்டாரத்துக்கு நேர் மேலே நிற்கும். காலண்டர் அச்சடிக்கிற ஊருக்கு வருஷப் பிறப்பன்று அந்த மரியாதை, தற்செயல்தான். அங்கிருந்து வடக்கே ஏறி கரூருக்கு ஏப்ரல் 18, 19 வாக்கில் வரும், சென்னைக்கு 24 வாக்கில். சூரியன் மேஷம் 10 பாகையில் பரம உச்சம் பெறுவதும் அந்த 24 வாக்கில்தான், இதுவும் தற்செயல். திரும்பும் வழியில் கரூருக்கு ஆகஸ்ட் 24 வாக்கில். அப்போது மேகம் இருக்கும், ஏப்ரல்தான் நல்லது. கரூரில் உச்சிவேளை 12 மணிக்கு இல்லை, ஏப்ரலில் 12.17 வாக்கில். 12.05-க்கே குடையோடு மாடிக்குப் போகச் சொல்லுங்கள். குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பார்த்து, உச்சிவேளை நிழல் எந்த நாளில் வடக்கிலிருந்து தெற்குப் பக்கம் தாண்டுகிறது என்று தேதி போட்டுக் குறித்து வைத்தால் போதும்.